சாயங்காலம் வந்து, காலையில் காணாமல் போகும் தடிப்பு

இப்படி யோசிச்சுப் பாருங்க. ஒரு வாரத்துக்கு மேல காய்ச்சல். பகல்ல தேவலாம்போல இருக்கும். சாயங்காலம் ஆனா 102, 103-னு ஏறும். மூட்டெல்லாம் வலி, தொண்டை வலி. கூடவே நெஞ்சு, முதுகு, கையில சிவப்புத் திட்டுகள். காலையில டாக்டர்கிட்ட காட்டப் போனா, அங்கே ஒண்ணுமே இருக்காது!

இப்படி வந்து வந்து மறையும் தடிப்பு, 'அடல்ட் ஆன்செட் ஸ்டில்ஸ் டிசீஸ்' என்ற அரிய அழற்சி நோயோட அடையாளம். ஸ்டில்ங்கிறது ஒரு டாக்டர் பேரு. ஜார்ஜ் ஸ்டில், 1897-ல குழந்தைகளுக்கு வரும் மூட்டு நோயைப் பத்தி எழுதினார். அதே மாதிரி நோய் பெரியவங்களுக்கும் வருதுன்னு 1971-ல 14 பேரை வச்சு விவரிச்சவர் எரிக் பைவாட்டர்ஸ். இது ஒட்டுவாரொட்டி இல்லை. நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே அளவு மீறிக் கிளம்புறதால வர்றது.

சிக்கல் எங்கே தெரியுமா? புத்தகத்துல இந்தத் தடிப்பை 'சால்மன் மீன் நிறம்'னு எழுதியிருப்பாங்க. மாநிறத் தோல்ல அந்த நிறம் பளிச்சுனு தெரியாது. இன்னொண்ணு, எல்லாருக்கும் அது மறையறதில்லை. சிலருக்கு நாள்கணக்கா அப்படியே நிக்கும், பயங்கரமா அரிக்கும். தடிச்ச திட்டா வரும், செதில் உதிரும். சிலருக்கு முதுகுல சாட்டையால அடிச்ச மாதிரி கோடு கோடா இருக்கும்.

தொண்டை வலிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தா, 'மாத்திரை அலர்ஜி'ன்னு முடிவு பண்ணிடுவாங்க. 1992-ல ஜப்பான்ல வகுத்த யமகுச்சி அளவுகோல்லயும் வந்து மறையுற தடிப்புக்குத்தான் இடம். அதனால நிலைச்சு நிக்கிற தடிப்பு எளிதா கவனத்திலிருந்து தப்பிடும். அங்கே தோல்ல சின்னத் துணுக்கு எடுத்துப் பார்க்கிற பயாப்சி உதவும்.

இந்த நோய்க்குன்னு ஒரே டெஸ்ட் கிடையாது. ரத்தத்துல ஃபெரிட்டின் எக்கச்சக்கமா ஏறியிருந்தா சந்தேகம் வலுக்கும். ஆனா தொற்று, புற்றுநோய், மற்ற வாத நோய்கள் எதுவும் இல்லைன்னு பார்த்த பிறகுதான் பேர் வைப்பாங்க.

பயப்படாதீங்க. காய்ச்சலோட வர்ற தடிப்பு பெரும்பாலும் வைரஸ், டெங்கு, மருந்து அலர்ஜி மாதிரி காரணங்களாலதான். ஆனா வாரக்கணக்கா காய்ச்சல் விடலைன்னா ஒண்ணு செய்யுங்க: தடிப்பு தெரியும்போதே, நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுங்க. நேரத்தையும் அப்போதைய காய்ச்சலையும் குறிச்சு வையுங்க. காலையில டாக்டர் பார்க்க முடியாததை உங்க போன் காட்டும்.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, சிலருக்கு இது 'மேக்ரோபேஜ் ஆக்டிவேஷன் சிண்ட்ரோம்'ங்கிற உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போகும். காய்ச்சலோட ரத்தக்கசிவு, குழப்பம், தூக்கக் கலக்கம்னு வந்தா உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. நேரத்துல கண்டுபிடிச்சா ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்ஸேட், டோசிலிசுமாப்னு கட்டுப்படுத்த மருந்துகள் இருக்கு. அதுக்கான டாக்டர், வாத நோய் நிபுணர், அதாவது ருமட்டாலஜிஸ்ட்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.