கண்காணியின் கடன்

(நாகர்கோவிலில் நடைபெற்ற திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

போர் நடக்கும் நிலங்களுக்கு அனுப்பப்பெறும் பன்னாட்டுக் கண்காணிப்பாளரின் பணியும் பொறுப்பும் பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். இஃது ஏதோ வெளிநாட்டுச் செய்தியன்று; நம் கடலுக்கு அப்பால் நம் இனத்தார் குருதியில் தோய்ந்த செய்தி. ஆயினும் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

கண்காணி என்பது தூய தமிழ்ச்சொல். கோயிற் கல்வெட்டுகளில் ‘மாகேசுவரக் கண்காணி’ என்னும் வழக்கைக் காணலாம். கோயிற் சொத்தும் வரவுசெலவும் முறையாக நடக்கின்றனவா என்று பார்த்து ஊரறியச் சொல்பவன் அவன். நம் நாஞ்சில் நாட்டு வயல்களிலும் அறுப்புக் களத்தில் நெல் களவு போகாமல் பார்க்க ஆள் வைப்பது பழைய வழக்கமே. அதே சொல் கடல் கடந்து இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களுக்குப் போனபோது ‘கங்காணி’ என்று சிதைந்தது. சொல் மட்டுமா சிதைந்தது? கோயிற் கண்காணி ஊருக்குக் கடன்பட்டவன். தோட்டக் கங்காணியோ வெள்ளைத் துரைக்குக் கடன்பட்டு, ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கியவன். இருவருக்கும் கண் இருந்தது; கண்டதை யாருக்குச் சொன்னார்கள் என்பதில்தான் வேறுபாடு. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே கேளுங்கள்.

ஐ.நா. எனப்படும் ஒன்றிய நாடுகள் அவை 1948-இல் முதன்முதல் பாலத்தீனத்திற்குக் கண்காணிப்பாளரை அனுப்பியது. அடுத்த ஆண்டே காசுமீரத்திற்கும் ஒரு குழு வந்தது. 1972-ஆம் ஆண்டுச் சிம்லா உடன்பாட்டோடு அக்குழுவின் வேலை முடிந்துவிட்டது என்பது இந்திய அரசின் நிலை. குழுவோ இன்றும் அங்கேயே இருக்கிறது. இத்தகையோர் கையில் படைக்கலம் இராது. சண்டையை விலக்கும் வலிமையும் இராது. இருப்பது கண்ணும் எழுதுகோலுமே.

அமைதிப்படை என்பது வேறு. அதற்குப் படைக்கலம் உண்டு. அப்பெயரைத் தாங்கி 1987 சூலைத் திங்களில் ஈழத்தில் இறங்கிய இந்தியப் படை, மூன்று திங்கள் முடியுமுன்பே போரில் தானும் ஒரு தரப்பாகிவிட்டதை நாம் அறிவோம். அக்குதோபர் 21, 22 ஆகிய நாள்களில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள்ளேயே மருத்துவர்களும் செவிலியரும் நோயாளரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்தப் படையைக் கண்காணிக்க நடுநிலையான மூன்றாம் நாட்டுக் குழு எதுவும் வைக்கப்படவில்லை. காவலனைக் காண ஒரு கண் வேண்டும் என்பதை அன்று எவரும் எண்ணவில்லை.

நம் ஊர்ப்பெயரையே தாங்கிய ஊர் ஒன்று யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சி கிழக்கில் உண்டு. நாகர்கோவில் என்றே அதற்கும் பெயர். 1995 செபுதம்பர் 22-ஆம் நாள் அவ்வூர்ப் பள்ளிமீது வானூர்தி குண்டு வீசியது. பள்ளிப்பிள்ளைகள் பலர் மடிந்தனர். அதற்கு முதல் நாள்தான் கொழும்பு அரசு செய்தித்தாள்களுக்குத் தணிக்கை விதித்திருந்தது. அதே ஆண்டு சூலை 9-ஆம் நாள் நவாலியில் மக்கள் அடைக்கலம் புகுந்திருந்த கிறித்தவக் கோயிலின்மேல் குண்டு விழுந்தபோது செஞ்சிலுவைக் குழுவினர் வெளிப்படையாகச் சொன்னார்கள். உடனே வெளியுறவு அமைச்சர் கதிர்காமர் அவர்கள்மேல் சினந்துகொண்டார். குண்டு வீசியவன்மேல் வராத சினம், கண்டு சொன்னவன்மேல் வந்தது!

இனி 2002-க்கு வருவோம். பிப்பிரவரியில் இலங்கைத் தலைமையமைச்சர் இரணில் விக்கிரமசிங்கேயும் விடுதலைப்புலிகளின் தலைவர் பிரபாகரனும் கையெழுத்திட்ட போர்நிறுத்த உடன்பாடு நடைமுறைக்கு வந்தது. நார்வே இடைநின்றது. நார்வே, சுவீடன், தென்மார்க்கு, பின்லாந்து, ஐசுலாந்து ஆகிய ஐந்து வடபுல நாடுகளிலிருந்து கண்காணிப்பாளர் வந்தனர். உடன்பாட்டின் பொருளை விளக்குவதில் குழுத்தலைவர் சொல்லே முடிந்த முடிவு. ஆனால் அம்முடிவை நடைமுறைப்படுத்த அவரிடம் எந்த வழியும் இல்லை. மீறல் என்று எழுதலாம். எழுதியதை இரு தரப்பிடமும் கொடுக்கலாம். அவ்வளவே.

அவர்கள் எழுதிய கணக்கையும் மறைக்காமல் சொல்கிறேன். 2007 வரையிலான பதிவுகளில் புலிகள்மேல் எழுதப்பட்ட மீறல்கள் 3,000-க்கும் மேல். அரசின்மேல் எழுதப்பட்டவை 350 அளவில். புலிகள்மேல் எழுதியவற்றுள் சிறுவரைப் படையில் சேர்த்தமை பற்றியவை மிகுதி. நமக்குக் கசக்கும். கசந்தாலும், நமக்கு வேண்டியதை மட்டும் எழுதுபவன் கண்காணி ஆகான், அவன் கங்காணி. ஆனால் எண்ணிக்கை மட்டுமே எடையாகிவிடாது என்பதையும் சொல்லவேண்டும். ஒரு சிறுவனைச் சேர்த்ததும் ஒரு மீறல். ஓர் ஊரையே எறிகணையால் அழித்ததும் ஒரு மீறல் என்றால் அந்தக் கணக்கேட்டில் ஏதோ குறை இருக்கிறது.

2006 ஆகத்து 4-ஆம் நாள் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் தங்கள் அலுவலக வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் தமிழர். கண்காணிப்பாளர் உடனே அங்குச் செல்லவிடாமல் தடுக்கப்பட்டனர். இரண்டு நாள் கழித்து, மாவிலாற்று மதகைத் திறக்கச் சென்ற குழுத்தலைவர், சுவீடன் நாட்டு உலுப்பு என்றிக்சன், அருகிலிருக்கும்போதே அரசுப்படையின் எறிகணைகள் விழுந்தன. அம்மனிதர் வாய்மூடிப் போகவில்லை. அத்திங்கள் முடிவில், மூதூர்க் கொலைக்குப் பொறுப்பு அரசுப்படையினரே என்று வெளிப்படையாக அறிவித்தார். அரசு மறுத்தது. அதே நாள்களில் அவர் பணிக்காலமும் முடிந்தது. அவருக்கு முன்பிருந்த நார்வே நாட்டுத் தலைவர் ஒருவரை மாற்றவேண்டும் என்று 2003-இலேயே குடியரசுத்தலைவர் சந்திரிகா கேட்டிருந்தார் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். 2006 மே இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அதனால் அவ்வொன்றியத்து நாடுகளின் கண்காணிப்பாளர் வெளியேறவேண்டும் என்று புலிகள் கேட்டனர். சுவீடனும் தென்மார்க்கும் பின்லாந்தும் விலகின. ஏறத்தாழ 60 பேர் இருந்த குழு 20 பேர் அளவுக்குச் சுருங்கியது. சினத்துக்குக் கரணியம் இருந்தது. ஆயினும் கண்களைக் குறைத்தது தமிழ் மக்களுக்கு நன்மை செய்யவில்லை. எஞ்சியிருந்தோரையும் அரசு விட்டுவைக்கவில்லை. 2008 சனவரி 16-ஆம் நாளோடு போர்நிறுத்த உடன்பாட்டிலிருந்து அது விலகியது. கண்காணிப்புக் குழுவும் மூட்டை கட்டியது.

அதன்பின் வன்னியில் எஞ்சியிருந்தவர்கள் ஐ.நா. பணியாளரும் சில தொண்டு நிறுவனத்தாருமே. 2008 செபுதம்பரில், உங்கள் பாதுகாப்புக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றது அரசு. ஐ.நா. எதிர்த்து நிற்கவில்லை. கிளிநொச்சியில் அவர்கள் வளாக வாயிலில் மக்கள் திரண்டு, போகாதீர்கள் என்று கெஞ்சினார்கள். உணவு கேட்டல்ல, மருந்து கேட்டல்ல. பார்க்க ஆள் வேண்டும் என்று கேட்டார்கள்! செபுதம்பர் 16-ஆம் நாள் வெள்ளை ஊர்திகள் தெற்கு நோக்கிப் போயின.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒன்று பலருக்குத் தெரியாது. கொழும்பிலிருந்த ஐ.நா. அலுவலகம் சாவுகளை எண்ணிக்கொண்டுதான் இருந்தது. 2008 ஆகத்து முதல் 2009 மே 13 வரை 7,721 பேர் கொல்லப்பட்டதாக அதன் கணக்கு. அக்கணக்கை உலகறிய நாள்தோறும் வெளியிட அவர்கள் முன்வரவில்லை. உறுதிப்படுத்த முடியாது என்றார்கள். ஐ.நா. பொதுச்செயலர் அமர்த்திய அறிஞர் குழு 2011-இல், இறந்தோர் 40,000 வரை இருக்கலாம் என்றது. 2012 நவம்பரில் வெளிவந்த சார்லசு பெட்ரி அறிக்கை, ஐ.நா. அமைப்பே தன் கடமையில் தோற்றது என்று ஐ.நா.வின் வாயாலேயே ஒப்புக்கொண்டது. எப்போது? முள்ளிவாய்க்கால் முடிந்து மூன்றரை ஆண்டு கழித்து.

உருவாண்டாவையும் இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கு 1994 சனவரியிலேயே படைத்தலைவர் உரோமியோ தல்லேர் படுகொலை வருகிறது என்று நியூயார்க்குக்குச் செய்தி அனுப்பினார். கேட்பாரில்லை. கொலை தொடங்கியபின், ஏப்பிரலில் அவர் படையை 270 பேராகக் குறைக்கப் பாதுகாப்பு அவை முடிவு செய்தது. அங்குக் கண் கண்டது, வாய் சொன்னது, செவி கேட்கவில்லை. வன்னியிலோ கண்டவரே வாய் திறக்கவில்லை. இரண்டுள் எது கொடிது? செவிடனையாவது உலுக்கலாம், ஊமையாக நடிப்பவனை என்ன செய்வது?

ஆகவே நாம் கேட்கவேண்டியது, இனி எந்த நாட்டுக்கு எந்தக் குழு போனாலும், அது கண்டதை உடனுக்குடன் வெளியிடும் கட்டளை அதன் உடன்பாட்டிலேயே எழுதப்படவேண்டும் என்பதே. போரிடும் அரசின் இசைவு பெற்றுத்தான் சாவுக்கணக்கு வெளிவரும் என்றால் அது கணக்காகாது. ‘போய்விடு’ என்று ஓர் அரசு சொல்லும் நாளே இருக்கவேண்டிய நாள். இருக்க முடியாமற் போனால், ஏன் விரட்டினார்கள் என்பதையாவது அன்றே உலகுக்குச் சொல்லிவிட்டுப் போகவேண்டும். 2009 மே 27-ஆம் நாள் செனீவாவில் இலங்கை அரசைப் பாராட்டும் தீர்மானத்தை 29 நாடுகள் ஏற்றன. அவற்றுள் இந்தியாவும் ஒன்று. வெளியிடப்பட்ட கணக்கு ஒன்று அவையின் முன் கிடந்திருந்தால் அத்தனை கைகள் அவ்வளவு எளிதாக உயர்ந்திரா.

எண்ணிக்கையின் அருமை நாஞ்சில் நாட்டார்க்குப் புதிதன்று. 1954 ஆகத்து 11-ஆம் நாள், தாய்த்தமிழகத்தோடு இணையப் போராடியபோது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் திருவிதாங்கூர்–கொச்சிக் காவல்துறை சுட்டது. எத்தனை பேர் மாண்டனர் என்பதில் இன்றும் ஆளுக்கொரு கணக்கு. அன்றே வீடு வீடாகப் போய் எழுதிவைக்க ஒருவர் இருந்திருந்தால் இந்தக் குழப்பம் இராது.

நம் மாவட்டத்திலேயே ஈழத்து ஏதிலியர் முகாம்கள் உள்ளன. 1990-இலும் அதற்கு முன்பும் பின்பும் வந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். முதியோர் ஒவ்வொருவராய் மறைந்து வருகிறார்கள். 2021 மார்ச்சில் ஐ.நா. மாந்த உரிமை அவை எடுத்த முடிவின்படி, இலங்கைக் குற்றங்களுக்கான சான்றுகளைத் திரட்டிக் காக்கும் பணி செனீவாவில் தொடங்கப்பெற்றது. அங்குப் போகவேண்டிய சான்றுகளுள் சில இங்கே, நமக்கு ஒரு பேருந்துத் தொலைவில் இருக்கின்றன. சொல்ல விரும்புவோரிடம் மட்டும், அவர்கள் இசைவோடு, ஊர், நாள், கண்டது, கேட்டது என்று பிரித்து எழுதவேண்டும். கண்டதையும் கேட்டதையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. சொல்பவரின் பெயரை வெளியிடவும் கூடாது. எழுத வரும் இளைஞர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். கையெழுத்துத் தெளிவாக இருக்கவேண்டும். நாட்குறிப்பு ஏடு ஒன்று கொண்டு வந்தால் போதும்.