கோப்புறை அமைத்தலிற் கவனம்

காணியொன்று விலைக்கு உண்டோ என்று காலையில் விசாரித்தவர் மாலையிற் பணத்தோடு செல்லும்போது, வேறொருவர் உறுதி முடித்திருத்தல் கூடும். காலையிற் பெற்ற விடை பொய்யன்று. ஆயினும் அது காலைக்கு மட்டுமே உரிய விடை. கணினியிற் கோப்புகளை இட்டுவைக்கும் கோப்புறையை ஒரு நிரலின் வாயிலாக அமைப்பதிலும் இவ்வுண்மை பொருந்தும்.

நிரல் எழுதப் பழகுவோர் பலர், இப்பெயரிற் கோப்புறை உண்டா என்று முதலில் வினவி, இல்லையென்று விடை வந்த பின்னரே அதனை அமைப்பர். இது முன்யோசனை போலத் தோன்றும். ஆனால் ஒரு கணினியில் ஒரே வேளையிற் பல நிரல்கள் இயங்குகின்றன. வினாவுக்கும் செயலுக்கும் இடைப்பட்ட கணத்தில் மற்றொரு நிரல் அதே பெயரிற் கோப்புறையை அமைத்துவிட்டால், முதல் நிரல் பிழைகண்டு நின்றுவிடும். நிற்பது சிறு தீங்கு; இத்தகைய இடைவெளியாற் பெருந்தீங்கும் விளைவதுண்டு.

1970களில் யுனிக்ஸ் இயங்குதளத்தில் ‘எம்கேடிர்’ என்னும் கட்டளை, முழு அதிகாரமுடைய பயனரின் உரிமையோடு இயங்கியது. அது முதலிற் கோப்புறையை அமைக்கும். பின்னர் அப்பெயரில் உள்ளதைக் கட்டளையிட்டவருக்கு உடைமையாக்கும். இவ்விரு படிகளுக்கிடையே வஞ்சகன் ஒருவன் கோப்புறையை நீக்கி, அதே பெயரைக் கடவுச்சொற் கோப்புக்குச் சூட்டினால், அக்கோப்பே அவனுக்கு உடைமையாகிவிடும். 1983இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி பதிப்பு, கோப்புறை அமைத்தலை இடைவெளியற்ற ஒரே செயலாக்கி, இயங்குதளத்தின் மையப்பகுதியிடம் ஒப்படைத்தது.

இன்று பைதன் மொழியில் எழுதுவோரும் அவ்வொரே செயலை நம்புதல் நன்று. வினவாது அமைக்க முயலவேண்டும். ‘முன்னரே உளது’ என்னும் மறுப்பு வந்தால், அங்கிருப்பது கோப்புறைதானா என்று நோக்கவேண்டும். அப்பெயரில் வெறுங் கோப்பு இருப்பின் பிழையை மறைத்தலாகாது. 2011இல் வெளிவந்த 3.2ஆம் பதிப்பு முதல், ‘மேக்டிர்ஸ்’ என்னும் செயற்கூற்றுக்கு ‘எக்ஸிஸ்ட் ஓகே’ என்ற இசைவை அளித்தால் இவ்வேலையை அதுவே செய்துவிடும்.

ஆயினும் பலரும் எழுதத்தக்க பொதுவிடத்தில் அவ்விசைவு ஆபத்தானது. முன்னரே இருக்கும் கோப்புறை பகைவன் அமைத்ததாகவும் இருக்கலாம். அங்கே ‘எம்கேடிடெம்ப்’ என்னும் செயற்கூறே தக்கது. அது பிறரால் ஊகித்தற்கரிய பெயரிற் புதுக் கோப்புறை அமைத்து, அமைத்தவருக்கு மட்டுமே அதனைத் திறந்துவிடும். வேலை முடிந்ததும் அதனை நீக்குவது நிரல் எழுதியவரின் கடமையாகும்.

ஆகவே, முன்கூட்டிப் பெற்ற விடையை நம்பி நடவாமல், செயலின் முடிவில் இயங்குதளம் தரும் விடைக்குச் செவிசாய்ப்பதே பாதுகாப்பான வழியாகும்.