முதலாம் தரத்தில் ஒரு நாள்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



எமது பாடசாலையின் நூறு ஆண்டுப் பெருமையைப் பலரும் அழகாக எடுத்துரைத்தீர்கள். நான் வேறொரு பாடசாலையைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். இரத்தினபுரி மாவட்டத்து இறப்பர்த் தோட்டமொன்றில் இருக்கும் சிறிய பாடசாலை அது.

பாடசாலை வைத்தியப் பரிசோதனைக்காக அங்கே போயிருந்தேன். 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலை என்றால் எல்லாப் பிள்ளைகளையும் ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும். மேசை போட இடம் கிடைத்தது முதலாம் தர வகுப்பின் ஓரத்தில். ஆகவே அன்று பிள்ளைகளையும் பார்த்தேன், படிப்பையும் பார்த்தேன்.

நாங்கள் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்து எழுத்துப் படித்தவர்கள். 1999இல் வந்த கல்விச் சீர்திருத்தத்தின் பின், முதலாம் தரத்தில் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்குமே முதலிடம். அந்த ஆசிரியை இறப்பர் விதைகளைத் தரையில் பரப்பி, கூட்டலும் கழித்தலும் செய்வித்தார். பிறகு கரும்பலகையில் ப, ட, ம என்று எழுதி, ‘படம்’, ‘பட்டம்’ என்று கூட்டி வாசிக்கப் பழக்கினார்.

பத்து மணிக்குள் இரண்டு பிள்ளைகள் மேசையில் தலை சாய்த்துவிட்டார்கள். குளிர் நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும். அதனால் தாய்மார் விடியுமுன்னே பால் வெட்டப் போய்விடுவார்கள். அக்காவோ பாட்டியோ கொடுத்த சாயத் தண்ணீரோடு வந்த பிள்ளைகள் அவர்கள். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டங்களில் 32 பேர். அந்தக் கணக்கு மேசையில் தலை சாய்த்துக் கிடந்ததை அன்று கண்டேன்.

இன்னொரு சிறுமி கரும்பலகையைப் பார்க்காமல், பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்தே எழுதினாள். “மகள், முன்னுக்கு வாங்க” என்று ஆசிரியை அழைத்து அருகில் இருத்தினார். பிறகு என்னிடம், “டொக்டர், பிள்ளை கெட்டிக்காரி. கண்ணில்தான் ஏதோ இருக்கு” என்றார். எழுத்துத் தெரியாத பிள்ளைகளுக்கு மூன்று பல் சீப்புப் போன்ற குறியைக் காட்டுவோம். அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கையால் காட்ட வேண்டும். ஒரு கண்ணை மூடியபோது அவள் சரியாகக் காட்டினாள். மற்றக் கண்ணை மூடியபோது கை அசையவில்லை.

இதில் காலம் முக்கியம். ஒரு கண் தெளிவாகப் பார்க்காவிட்டால், மூளை அந்தக் கண்ணைக் கைவிடப் பழகிவிடும். ஏழெட்டு வயதுக்குள் கண்ணாடி போட்டு, தேவையானால் நல்ல கண்ணை மறைத்துப் பயிற்சி கொடுத்தால் பெரும்பாலும் திருத்தலாம். பிந்தினால் கடினம்.

நகரத்துக் கண் கிளினிக்குக்குக் கடிதம் கொடுத்தேன். மூன்று மாதமாகியும் போகவில்லை. தாயைக் குறை சொல்ல முடியாது. கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடும். பஸ் காசு வேறு. அங்கே சிங்களத்தில் கேட்டால் பதில் சொல்லவும் பயம். கடைசியில் விடுமுறையில் அந்த ஆசிரியையே தாயையும் மகளையும் கூட்டிப் போனார். இன்று அவள் கண்ணாடியோடு வாசிக்கிறாள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்படியோர் ஆசிரியை வாய்ப்பாரா? நம்மில் பலர் நகரத்தில், கிளினிக்குக்கு அருகில் இருக்கிறோம். இரண்டு மொழியும் பேசுவோம். நூற்றாண்டு நினைவாகக் கட்டடம் எழுப்புவது நல்லது. அதோடு, மாதத்தில் ஒரு காலைப்பொழுதைத் தரக்கூடிய பழைய மாணவியரின் பெயர்ப் பட்டியல் ஒன்றையும் தயாரிப்போம். கடிதம் பெற்ற பிள்ளையோடு கிளினிக்குக்குப் போக ஒருவர்; தாய் இழக்கும் நாள் சம்பளத்துக்குச் சங்கத்தின் சிறு நிதி. இவ்வளவே நான் கேட்பது.

பட்டியலில் முதற் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.