பல்லை நகர்த்தும் கம்பி

கோணற் பல்லைக் கம்பியே இழுத்து நேராக்குகிறது என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். கம்பி ஏவுகிறது, வேலையைச் செய்வது எலும்பு.

பல் தாடையெலும்பில் நேரே பதிந்ததன்று. இடையில் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் கனமுள்ள நார்ப்படலம் ஒன்று அதைத் தாங்கி நிற்கிறது. பல்லின்மேல் ஒட்டிய சிறு பிடிகளில் வளைத்துக் கட்டிய கம்பி, தன் பழைய வடிவத்துக்கு மீள முயன்று பல்லை மெல்ல அழுத்துகிறது. அழுத்தம் படும் பக்கத்தில் உயிரணுக்கள் எலும்பைக் கரைக்கின்றன. நார்கள் இழுபடும் மறுபக்கத்தில் புதிய எலும்பு வளர்கிறது. இவ்வாறு பல் மாதத்திற்குச் சுமார் 1 மில்லிமீட்டர் நகரும். விரைவு வேண்டி மிகுதியாக அழுத்தினால் படலத்தில் இரத்த ஓட்டம் தடைப்படும். நகர்வு தாமதமாவதோடு வேரும் தேயக்கூடும்.

ஆகவே சிகிச்சை பெரும்பாலும் 18 முதல் 24 மாதங்கள் நீடிக்கும். பிள்ளைக்குக் கம்பி கட்டியிருக்கையில் வேறு மாநிலத்துக்கு மாற்றலாகும் பெற்றோர், எக்ஸ்-கதிர்ப் படங்களையும் பல் அச்சுகளையும் சிகிச்சைக் குறிப்புகளையும் கேட்டுப் பெற்றுச் செல்வது நலம். புதிய ஊர் மருத்துவர் அவற்றைக் கொண்டு தொடரலாம்.

கம்பியை அகற்றியதும் கடமை முடிந்துவிடாது. ஈறுகளிலுள்ள நார்கள் பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்கும். 'ரிடெய்னர்' என்னும் கருவியை மருத்துவர் கூறும் காலம்வரை அணியாவிடில், பட்ட பாடெல்லாம் வீணாகும்.