லாட்டினக் கட்டியை உடைத்துப் பார்ப்போம்



"கையில் வருகிற கூலியே மாதக் கடைசிவரை நிற்கவில்லை; கதையில் வரும் பணத்தைப் பற்றி நமக்கென்ன பேச்சு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இல்லாத பணத்தைக் கற்பனை செய்கிறவன், இருக்கிற பணத்தைப் பற்றிய உண்மையையே அதற்குள் ஒளித்து வைக்கிறான். அதைப் பிரித்துப் பார்ப்பது நம் வேலை.

'ஸ்டார் டிரெக்' என்பது அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966 முதல் பல வரிசைகளாக வந்த விஞ்ஞானக் கற்பனைக் கதை. 1987-ல் அதில் ஃபெரங்கி என்றொரு இனம் வந்து சேர்ந்தது. லாபமே அவர்களுக்கு வேதம். அந்தப் பெயர் நமக்குப் புதிதா? ஐரோப்பாவின் பிராங்க் மக்களுடைய பெயர் அரபு, பாரசீக மொழிகளின் வழியே கிழக்கெங்கும் பரவி, தமிழில் 'பரங்கி' ஆயிற்று. சென்னையில் பரங்கிமலை நிற்கிறதே, அதே பரங்கிதான்! கப்பலேறி வாணிபத்துக்கு வந்தவனின் பெயர், விண்கலமேறி வருகிறவனுக்குச் சூட்டப்பட்டிருக்கிறது. அவர்கள் முதலில் தோன்றும் கதையிலேயே அவர்களைப் பழைய அமெரிக்க 'யாங்கி' வியாபாரிகளோடு ஒப்பிடுகிறார்கள். குறி யார் மீது என்பதில் ஐயமுண்டா?

இவர்களுடைய பணம் லாட்டினம். பெயரில் பிளாட்டினத்தின் சாயல். அது ஒரு திரவம். தங்கத்துக்குள் அடைத்துக் கட்டிகளாகப் புழங்குகிறார்கள். 1998-ல் வந்த கதையில், குவார்க் என்ற மதுக்கடை முதலாளிக்குக் கட்டி கட்டியாகப் புதையல் கிடைக்கிறது. உடைத்தால் உள்ளே லாட்டினம் இல்லை. வெறும் தங்கம், ஒன்றுக்கும் உதவாதது என்று கதறுகிறான்!

நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் 1971 ஆகஸ்ட் 15-ல் என்ன நடந்தது? 35 டாலருக்கு ஒரு அவுன்ஸ் தங்கம் என்று பிற நாட்டு அரசாங்கங்களுக்குக் கொடுத்திருந்த வாக்கை அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் கைவிட்டார். கதை எழுதியவர் இதை நினைத்தாரோ இல்லையோ, பாடம் ஒன்றே. பணத்தின் வலிமை பளபளப்பில் இல்லை; மனிதருக்கு மனிதர் உள்ள உறவில் இருக்கிறது.

அந்த உறவு எத்தகையது? 1996-ல் வந்த கதை அதைக் காட்டுகிறது. வியாபாரம் மந்தம் என்று குவார்க் ஊழியர்களின் கூலியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டுகிறான். நோய் வந்தாலும் விடுப்பில்லை. அவனுடைய சொந்தத் தம்பி ரோம் சங்கம் அமைத்து, வேலைநிறுத்தம் செய்து, மார்க்சும் எங்கெல்சும் 1848-ல் எழுதிய அறிக்கையின் அறைகூவலை அண்ணன் முகத்துக்கு நேரே முழங்குகிறான்! சங்கத்தை நசுக்க அடியாட்கள் வருகிறார்கள். ஆனாலும் ஊழியர்களிடையே பிளவில்லை. முதலாளி பணிகிறான்.

ஆனால் எப்படி? கோரிக்கைகளை எல்லாம் ஏற்கிறேன், சங்கத்தைக் கலைத்துவிட்டதாக ஊருக்குச் சொல் என்கிறான். ரோமும் இசைகிறான். இந்த இடத்தில்தான் தோழர்களே, நாம் கதாசிரியரோடு மாறுபடுகிறோம். நாளைக்கு முதலாளி சொல் மாறினால் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? வல்லரசு கொடுத்த வாக்கே 1971-ல் காற்றோடு போயிற்று; மதுக்கடைக்காரன் வாக்கு எம்மாத்திரம்?

ஆலையிலும் வயலிலும் இதே பேச்சைக் கேட்டிருப்பீர்கள்: "கூட்டித் தருகிறேன், சங்கம் மட்டும் வேண்டாம்." சங்கம் இல்லாத வாக்குறுதி, லாட்டினம் இல்லாத தங்கக் கட்டி. வெளியே மின்னும், உள்ளே ஒன்றும் இராது. கூலி உயர்வை வாங்குவோம்; சங்கத்தையும் காப்போம்!