மொத்த வியாபாரியைத் தேடி

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பாகான் டத்தோ என்றாலே தென்னை. 2017இல் பேராக்கின் 12ஆவது மாவட்டமான இம்மண்ணில், தென்னந்தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவள் நான். வீட்டிலிருந்தபடியே கைத்தொலைபேசி வழியாகப் பூசைப் பொருள்கள் விற்று வருகிறேன். சரக்குக்காக மொத்த வியாபாரியைத் தேடி அலைந்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் கணக்கு. ஒரு சிறு பித்தளை விளக்கைக் கடையில் 16 வெள்ளிக்கு வாங்கி 20 வெள்ளிக்கு விற்றேன். பொட்டலம் கட்ட 2 வெள்ளி, விற்பனைத் தளத்துக்கு 2 வெள்ளி போயிற்று. மிச்சம் ஒன்றுமில்லை. அதையே மொத்த விலையில் 12 வெள்ளிக்கு வாங்கினால் 4 வெள்ளி நிற்கும். ஆகவே வாங்குமிடத்தில்தான் நம் பிழைப்பு இருக்கிறது.

அந்த அவசரத்தில் ஏமாந்தேன். “தொழிற்சாலை விலை” என்ற விளம்பரத்தை நம்பி, அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து, 1,800 வெள்ளியை ஒரு தனியாளின் வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். விளக்கும் வரவில்லை, தொலைபேசியையும் எடுப்பாரில்லை. அம்மா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் எனக்குப் பெரிய வேதனை.

அன்று நான் செய்யத் தவறியதை இன்று சொல்கிறேன். விற்பவருக்கு எஸ்.எஸ்.எம். பதிவு எண் உண்டா என்று பாருங்கள். வங்கிக் கணக்கு அந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதா என்று கேளுங்கள். காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் சோதியுங்கள். அங்கே புகார் இல்லை என்பதால் மட்டும் நம்பிவிடாதீர்கள். முதலில் மாதிரிக்குக் கொஞ்சம் வாங்குங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 997க்கு அழையுங்கள்.

பிறகு நானே பேருந்தேறிக் கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். தெங்கு கிளானா சாலையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். “ஐம்பதுக்குக் குறைந்து மொத்த விலை இல்லை” என்றே பலரும் சொன்னார்கள். ஒரு பெரியவர் மட்டும், “பத்து எடுத்துட்டுப் போம்மா, வித்தா திரும்பி வா” என்றார். இன்றுவரை அவரிடம்தான் வாங்குகிறேன்.

ஊர் திரும்பிய பிறகுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. விளக்கேற்றும் தேங்காய் எண்ணெயும், ஈர்க்குமாறும் எங்கள் பக்கத்துத் தெருவிலேயே செய்கிறார்கள். அவற்றை எங்கிருந்தோ வரவழைக்க எண்ணியிருந்தேன்! இப்போது அந்த அக்காமார்களே எனக்கு மொத்த வியாபாரிகள். அவர்களுக்கும் வருமானம், எனக்கும் வருமானம். அடுத்த ஆண்டு தீபாவளிக்கு முன் அம்மாவின் சங்கிலியை மீட்டுக் கழுத்தில் போட்டேன்.

நன்கொடையாளர்களே, உங்களில் பலர் வணிகப் பெருமக்கள். எங்களைப் போன்ற பெண்கள் வந்து கேட்டால், பத்துப் பொருளையும் மொத்த விலைக்குக் கொடுங்கள். இலவசம் கேட்கவில்லை, முதல் வாய்ப்பைத்தான் கேட்கிறோம்.