இலையுதிர்காலத்து ட்ரவுட்டும் இறகு ஈயும்

மீன் பிடிப்பதற்கு இரை வேண்டும் என்பது எவரும் அறிந்ததே. ஆனால், உண்ணத்தகாத இறகையும் நூலையும் தூண்டில் முள்ளிற் கட்டி, அதனைப் பூச்சியென்று மீன் மயங்கும்படி நீரில் விடுவது தனியொரு கலை. அது மிகப் பழைய கலையுமாகும். கி.பி. 200 அளவில் வாழ்ந்த ஏலியன் என்னும் உரோம எழுத்தாளர், மக்கெடோனியர் செந்நிறக் கம்பளி நூலையும் சேவலின் இறகையும் முள்ளிற் கட்டிப் புள்ளிமீன்களைப் பிடித்ததை எழுதி வைத்துள்ளார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளிற் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீனை நேயர்களிற் சிலர் அறிந்திருப்பர். எனினும், நமது மலைநாட்டில் இலையுதிர்காலம் என்பதொன்று இல்லை. அப்பருவத்தில் ட்ரவுட் பிடிக்கும் நுட்பத்தை அறிய அமெரிக்காவின் யெலோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குச் செல்லவேண்டும். அங்கே ஃபயர்ஹோல், கிப்பன் என்னும் இரண்டு ஆறுகள் கூடி மெடிசன் ஆறாகின்றன. ஃபயர்ஹோல் ஆற்றில் வெந்நீர் ஊற்றுகள் வந்து கலப்பதால், கோடையில் அதன் நீர் ட்ரவுட்டுக்கு ஒவ்வாத அளவு வெப்பமடைகிறது. ஆனால் கரையிற் பனி விழத் தொடங்கும் ஒக்டோபரில் அதே வெப்பம் மீனுக்கு இதமாகி விடுகிறது.

மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தையே பின்பற்றுவது. நீர் 5 பாகை செல்சியசுக்குக் கீழே குளிருமாயின் ட்ரவுட்டின் செரிமானம் மந்தமாகும். அது இரையைத் துரத்திச் செல்லாது. ஆகவே, கோடையில் விடியற்காலையை நாடும் தூண்டிற்காரர், இலையுதிர்காலத்தின் கடைசியில் முற்பகல் கழியும் வரை பொறுத்திருப்பர். வெயில் நீரைச் சற்றே சூடாக்கிய நண்பகலும் அதனை அடுத்த இரண்டொரு மணிநேரமுமே அவர்களுக்கு உரிய வேளை.

இனி, எந்த ஈயைக் கட்டுவது? கோடையில் மீனுக்கு விருந்தாகும் வெட்டுக்கிளி முதலிய பெரும் பூச்சிகள் உறைபனியோடு மறைந்துவிடும். எஞ்சுபவை மிகச் சிறியவை. அவற்றுள் முதன்மையானது ‘புளூ விங்டு ஆலிவ்’ எனப்படும் நீலச்சாம்பற் சிறகுப் பூச்சி. நமது ஈசலைப்போல இதுவும் சிறகு முளைத்தபின் நெடுநாள் வாழ்வதில்லை. மேகம் கவிந்து தூறல் விழும் நாட்களிலேயே இது திரளாக நீர்மேல் எழும். அந்த ஈரக் காற்றிற் சிறகு விரைவில் உலராமையால் நீரிலேயே மிதந்து செல்ல, ட்ரவுட் மேலெழுந்து அதனைக் கவ்வும். இதற்கு 18 முதல் 22 வரையான இலக்க முட்கள் ஏற்றவை. இலக்கம் கூடக் கூட முள் சிறிதாகும் என்பதை நினைவிற் கொள்க. இருபதாம் இலக்க முள் ஓர் அரிசி மணியளவே இருக்கும். 1922இல் மிச்சிகன் மாநிலத்தில் லென் ஹாலடே என்பவர் கட்டிய ‘ஆடம்ஸ்’ என்னும் சாம்பல்நிற ஈ இங்கே பெரிதும் பயன்படும். அது எந்த ஒரு பூச்சியையும் அச்சாகக் காட்டுவதன்று. ஆயினும் பல பூச்சிகளின் சாயலுடையது.

மீன் மேலெழாத வேளையில் நீருக்கடியிலே தேடவேண்டும். இங்கிலாந்தில் ஏவன் ஆற்றின் காவலராயிருந்த ஃபிராங்க் சோயர், ஃபெசன்ட் பறவையின் வால் இறகை மெல்லிய செப்புக் கம்பியாற் சுற்றி, சிறகு முளையாத இளம்பூச்சியின் வடிவைச் செய்தார். நூலுக்குப் பதிலாகக் கம்பியைக் கொண்டதால் அது தானே அமிழ்ந்து, மீன் இருக்கும் ஆழத்தை அடையும்.

இவற்றுக்கு நேர்மாறான ஈயும் இப்பருவத்துக்கு உண்டு. 1883இல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்கு முட்டையாக வந்த இனம் பழுப்பு ட்ரவுட். ஹெப்கன் ஏரியில் வாழும் அம்மீன்கள் இலையுதிர்காலத்தில் முட்டையிடுவதற்காக மெடிசன் ஆற்றில் எதிரேறி வரும். அவ்வேளையில் அவை தம் இடத்தில் நுழையும் எதனையும் சினந்து தாக்கும். ஆகவே 1967இல் பென்சில்வேனியாவில் ரசல் பிளெசிங் உருவாக்கிய ‘வூலி பக்கர்’ போன்ற, விரல் நீளமுள்ள, சிறுமீனையோ அட்டையையோ ஒத்த பெரிய ஈ பயன்படும். பசிக்கு மிகச் சிறியது, சினத்துக்குப் பெரியது என்று இப்பருவத் தேர்வைச் சுருக்கிக் கூறலாம்.

ஆனால், இங்கேதான் தூண்டிற்காரரின் பண்பும் சோதிக்கப்படுகிறது. பெண்மீன் வாலால் அடித்துப் பருக்கைக் கற்களைக் குழித்து, முட்டையிட்டு மூடும். பாசி நீங்கிய அந்த இடம் சுற்றியுள்ள ஆற்றுப்படுகையினும் வெளிறித் தோன்றும். முட்டைகள் குளிர்காலம் முழுவதும் அங்கேயே கிடப்பவை. அதன்மீது ஒரு கால் பட்டால் ஒரு தலைமுறை நசுங்கும். ஆழமற்ற நீரில் முட்டையிட நிற்கும் மீனைப் பிடிப்பது எளிது. எளிதென்பதாலேயே நல்ல தூண்டிற்காரர் அதனை விட்டு விலகி, முட்டையிடும் இடம் அல்லாத ஆழ்ந்த மடுக்களை நாடுவர். யெலோஸ்டோனின் விதிகளும் எதிர்ச்செதில் கொண்ட முள்ளையும் ஈயத்தையும் விலக்கியுள்ளன. எதிர்ச்செதில் இல்லாத முள்ளை, பிடித்த மீனின் வாயிலிருந்து அதிகம் புண்படாமல் நீக்கி, மீனை மீண்டும் ஆற்றில் விடலாம்.

வள்ளுவர் காலமறிதலையும் இடனறிதலையும் அடுத்தடுத்த அதிகாரங்களாக வைத்தார். அரசர்க்கு உரைத்த அவ்விரண்டும் ஆற்றங்கரையில் நிற்பவர்க்கும் பொருந்தும். எந்த ஈயை எப்போது விடுவது என்று அறிந்தவர், எந்த இடத்தில் எந்த ஈயையும் விடலாகாது என்பதையும் அறிந்திருந்தால், அடுத்த ஆண்டும் அந்த ஆற்றில் மீன் இருக்கும்.